பிரேக் இல்லாத வண்டி... பின்வாங்காத வீரர்!

குட்டி நண்பர்களே, தென்னை மட்டையில் உட்கார்ந்து 'வண்டி' விட்டிருக்கிறீர்களா? மட்டையின் அகன்ற பக்கத்தில் ஒருவர் கால் நீட்டி உட்கார, இன்னொருவர் ஓலைப் பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாரே, அந்த விளையாட்டுதான்! சில ஊர்களில் பலகைக்கு அடியில் பழைய பேரிங்குகளைப் பொருத்தி, மேட்டிலிருந்து 'கடகட'வென்று உருட்டி விடுவார்கள். வேகம் கூடக்கூட வயிற்றுக்குள் 'ஜிலீர்' என்று இருக்கும். கடைசியில் காலைத் தரையில் தேய்த்து வண்டியை நிறுத்துவோம்.

இப்போது கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். தரை முழுக்கப் பனிக்கட்டி. வண்டியில் நீங்கள் மல்லாந்து படுத்திருக்கிறீர்கள். கால் முன்னால், தலை பின்னால். நம் நாட்டின் வேகமான எக்ஸ்பிரஸ் ரயில்கள் போகும் வேகத்தில், அதாவது மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில், வண்டி பாய்கிறது. ஸ்டீயரிங் கிடையாது. பிரேக் கிடையாது. போகிற வழியைப் பார்க்கத் தலையை நன்றாகத் தூக்கவும் கூடாது!

"ஐயோ!" என்கிறீர்களா? இந்த விளையாட்டின் பெயர் 'லூஜ்'. குளிர்கால ஒலிம்பிக்கில் இதுவும் ஒரு போட்டி. இதில் இந்தியாவுக்காக 6 முறை கலந்துகொண்டவர் ஒருவர் இருக்கிறார். பனிப்பாதையே இல்லாத நம் நாட்டில், ஒரு மலைக் கிராமத்திலிருந்து போனவர். அவர் பெயர் சிவ கேசவன்.

வெந்நீர் ஊற்றும் வெண்பனியும்

இமாச்சலப் பிரதேசத்தில் மணாலி என்ற ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். அதற்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கிராமம் வசிஷ்ட். வெளியே பனி கொட்டிக் கிடக்கும்போதும் இங்கே பூமிக்குள்ளிருந்து வெந்நீர் ஊற்று பொங்கி வரும். அதில் குளிப்பதற்காகவே பலர் இந்த ஊருக்கு வருவார்கள்.

சிவ கேசவன் 1981ஆம் ஆண்டு பிறந்தார். அப்பா சுதாகரனின் சொந்த ஊர் கேரளாவில் உள்ள தலச்சேரி. கடற்கரை ஊர்! அம்மா இத்தாலி நாட்டைச் சேர்ந்தவர். இருவரும் வசிஷ்டில் குடியேறி, அங்கேயே ஒரு உணவகம் நடத்தினார்கள். தலச்சேரிக்காரரின் மகன் இமயமலைப் பனியில் விளையாடி வளர்ந்தார்.

மணாலிப் பக்கத்துக் குழந்தைகளுக்குப் பனிக்காலம் வந்துவிட்டால் கொண்டாட்டம்தான். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு சரிவுகளில் சறுக்குவார்கள். நமக்குக் கோலி, பம்பரம் போல அவர்களுக்குச் சறுக்கு விளையாட்டு. ஆனால் லூஜ் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அங்கே யாருமே இல்லை எனலாம்.

சினிமாவில் ஆரம்பித்த கதை

சிவா, சனாவரில் உள்ள பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். அப்போது சண்டிகர் அருகே பஞ்ச்குலாவில் ஒரு முகாம் நடந்தது. லூஜ் விளையாட்டு ஐரோப்பிய நாடுகளோடு நின்றுவிடக் கூடாது, புதிய நாடுகளிலிருந்தும் வீரர்கள் வர வேண்டும் என்று சர்வதேச லூஜ் கூட்டமைப்பு விரும்பியது. அதற்காக ஆஸ்திரியாவைச் சேர்ந்த முன்னாள் லூஜ் வீரர் குந்தர் லெம்மரர் இந்தியாவுக்கு வந்திருந்தார்.

முகாமுக்கு வந்த மாணவர்களுக்கு முதலில் ஒரு சினிமா போட்டுக் காட்டினார்கள். பெயர் 'கூல் ரன்னிங்ஸ்'. பனியே விழாத ஜமைக்கா தீவிலிருந்து சிலர் 1988 குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன கதை அது. அந்தப் போட்டியில் ஜமைக்காக்காரர்களின் வண்டி கவிழ்ந்தது. ஆனாலும் அவர்கள் எழுந்து, வண்டியோடு நடந்தே போய் எல்லைக்கோட்டைத் தொட்டார்கள். 'ஜமைக்காவால் முடியும் என்றால் நம்மால் முடியாதா?' என்று யாருக்குத்தான் தோன்றாது!

அடுத்தது பயிற்சி. ஆனால் பஞ்ச்குலாவில் பனிக்கு எங்கே போவது? லெம்மரர் அதற்கும் வழி வைத்திருந்தார். சறுக்கு வண்டியின் அடியில் சக்கரங்களை மாட்டி, சாலையில் ஓட்டச் சொன்னார். கிட்டத்தட்ட நம் பேரிங் வண்டிதான்!

அந்த முகாமில் தேர்வானவர்களில் சிவாவும் ஒருவர். பிறகு ஆஸ்திரியாவுக்குப் போய், முதல் முறையாக உண்மையான பனிப்பாதையில் வண்டி ஓட்டிப் பழகினார். சக்கர வண்டிக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

லூஜ் எப்படி ஓடுகிறது?

லூஜ் பாதை என்பது பாதியாக வெட்டிய பெரிய குழாய் போல இருக்கும். நீளம் சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர். கான்கிரீட்டால் கட்டி, அதற்குள் குளிரூட்டும் குழாய்களைப் பதித்திருப்பார்கள். உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஐஸ் கட்டியை உறைய வைப்பது போல, இந்தக் குழாய்கள் பாதை முழுவதையும் உறைய வைக்கின்றன. இப்படி ஒரு பாதையைக் கட்டவும், பராமரிக்கவும் ஏராளமாகச் செலவாகும். உலகத்திலேயே மிகச் சில நாடுகளில்தான் இது இருக்கிறது. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை.

வண்டியின் அடியில் இரண்டு எஃகுப் பட்டைகள் இருக்கும். பனிக்கட்டியைத் தொடுவது அவை மட்டும்தான். புறப்படும்போது வீரர் இரண்டு பக்கமும் உள்ள கைப்பிடிகளைப் பிடித்து, முன்னும் பின்னும் ஆடி, ஒரே உந்தலில் பாய்வார். பிறகு கைகளால் பனியைத் துடுப்புப் போடுவது போலத் தள்ளுவார். கை வழுக்காமல் இருக்கக் கையுறை விரல்களில் குட்டி குட்டி முட்கள் இருக்கும். அதன்பின் மல்லாந்து படுத்துவிட வேண்டியதுதான். மீதியைப் பூமியின் ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும்.

சரி, ஸ்டீயரிங் இல்லாமல் எப்படித் திருப்புவது? கெண்டைக்கால்களால்! இடது பக்கம் திரும்ப வலது காலால் வண்டியின் முன்பகுதியை மெதுவாக அழுத்த வேண்டும். தோள்களையும் லேசாகச் சாய்க்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் வண்டி சுவரில் மோதும். வளைவுகளில் உடல் எடை பல மடங்கு கூடியது போல அழுத்தும். அப்போதும் கழுத்தை அசைக்காமல் பிடித்திருக்க வேண்டும். தலையைத் தூக்கினால் காற்று தடுத்து வேகம் குறைந்துவிடும். அதனால் பாதையின் ஒவ்வொரு வளைவையும் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்.

இந்தப் போட்டியில் நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். 1998ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பெண்கள் லூஜ் போட்டியில் முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இருந்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு! மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி அந்த நேரத்தில் 7 சென்டிமீட்டர்கூடப் போகாது. உங்கள் பையில் இருக்கும் பென்சிலில் பாதி நீளம்கூட இல்லை!

தனி ஒருவர்!

அதே 1998ஆம் ஆண்டு. ஜப்பான் நாட்டின் நாகானோ நகரம். குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் ஒவ்வொரு நாட்டு அணியும் தன் கொடியோடு அணிவகுத்து வந்தது. சில நாடுகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள். இந்தியாவின் முறை வந்தது. வந்த வீரர் ஒரே ஒருவர். வயது 16. நம் ஊரில் பிளஸ் ஒன் படிக்கிற வயது!

ஒலிம்பிக் லூஜ் போட்டியில் அதுவரை கலந்துகொண்டவர்களிலேயே வயதில் குறைந்தவர் சிவ கேசவன்தான். இந்தியாவிலிருந்து லூஜ் போட்டிக்குப் போன முதல் ஆளும் அவர்தான். எதிரே யார் தெரியுமா? ஏற்கெனவே இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்த ஜெர்மனி வீரர் கியோர்க் ஹேக்கல் போன்றவர்கள். நாகானோவில் அவர் மூன்றாவது தங்கத்தையும் வென்றார்.

சிவா பிடித்தது 28ஆவது இடம்.

"ப்பூ, 28ஆ?" என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் யோசியுங்கள். ஜெர்மனிக் குழந்தைகள் பலருக்கு ஊருக்குப் பக்கத்திலேயே லூஜ் பாதை இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே ஆயிரக்கணக்கான முறை அதில் சறுக்கிப் பழகியிருப்பார்கள். சிவாவோ பனிப்பாதையை முதன்முதலில் பார்த்ததே சில ஆண்டுகளுக்கு முன்புதான். நீச்சல் குளமே இல்லாத ஊரில், வாய்க்காலில் பழகிவிட்டு மாநிலப் போட்டிக்குப் போவது போல!

லாரிக்கு நடுவே லூஜ்

ஒலிம்பிக் முடிந்தது. ஊருக்குத் திரும்பினால் மறுபடியும் அதே கேள்வி. எங்கே பயிற்சி செய்வது?

சிவா பழைய வழிக்கே போனார். சக்கரம் வைத்த வண்டியை எடுத்துக்கொண்டு மணாலியைச் சுற்றியுள்ள மலைச்சாலைகளுக்குப் போய்விடுவார். ஹெல்மெட் அணிந்து, வண்டியில் மல்லாந்து படுத்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவார். எதிரே லாரி வரும். கார் வரும். சில சமயம் செம்மறி ஆட்டு மந்தையே சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குள் புகுந்து வெளியே வருவார்! இந்தப் பயிற்சியைப் படம் பிடித்த வீடியோ பின்னாளில் இணையதளத்தில் வெளியானபோது உலகமே வாய் பிளந்து பார்த்தது.

(குட்டீஸ், ஒரு முக்கிய விஷயம். இதைப் படித்துவிட்டு யாரும் சாலையில் முயற்சி செய்யக் கூடாது. சிவா வேறு வழியில்லாமல் செய்தது அது. அதுவும் பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற பிறகு.)

பல ஆண்டுகள் அவருக்கு முழுநேரப் பயிற்சியாளர் கிடையாது. மற்ற நாட்டு வீரர்களுக்கு வண்டியைச் சரிபார்க்க ஒருவர், உடம்பைக் கவனிக்க ஒருவர், வீடியோ பார்த்துத் தவறு சொல்ல ஒருவர் என்று ஒரு பட்டாளமே இருக்கும். சிவாவோ வண்டியைத் தானே தூக்கி, தானே பழுது பார்த்து, தானே ஓட்ட வேண்டும். வெளிநாட்டில் பயிற்சி பெறவும், விமான டிக்கெட்டுக்கும், வண்டிக்கும் பணம் திரட்டுவது போட்டியைவிடப் பெரிய போட்டியாக இருந்தது. ஒரு கட்டத்தில் இணையதளம் வழியாகப் பொதுமக்களிடமே உதவி கேட்டார். முகம் தெரியாத பலர் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள்.

அவர் நினைத்திருந்தால் இந்தக் கஷ்டம் எதுவும் இல்லாமல் இருந்திருக்கலாம். அம்மா இத்தாலிக்காரர் அல்லவா? லூஜ் விளையாட்டில் இத்தாலி பெரிய புள்ளி. 2002, 2006 என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆண்கள் தங்கம் வென்றவர் இத்தாலி வீரர்தான். அந்த நாட்டு அணியில் சேரும்படி சிவாவுக்கு அழைப்பு வந்தது. நல்ல பாதை, நல்ல பயிற்சியாளர், நல்ல வண்டி எல்லாம் கிடைக்கும்.

சிவா சேரவில்லை. இந்தியாவுக்காகத்தான் ஓட்டுவேன் என்று இருந்துவிட்டார்.

2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் 33ஆவது இடம். அப்போதும் இந்தியாவிலிருந்து போனவர் அவர் ஒருவர்தான். 2006ஆம் ஆண்டு இத்தாலியின் டூரின் நகரில் 25ஆவது இடம். அம்மாவின் நாட்டிலேயே, இந்தியாவுக்காக ஓட்டி, ஒலிம்பிக்கில் தன் மிகச் சிறந்த இடத்தைப் பிடித்தார்!

ஒரு சோகம்

லூஜ் ஆபத்தான விளையாட்டு என்பதை மறைக்கக் கூடாது. 2010ஆம் ஆண்டு கனடாவில் வான்கூவர் ஒலிம்பிக் நடந்தது. அதற்காக விஸ்லர் என்ற இடத்தில் கட்டிய பாதை அதிவேகமானது. தொடக்க விழா நடந்த நாளன்று காலை, பயிற்சியின்போது ஜார்ஜியா நாட்டு வீரர் நோடார் குமாரிடாஷ்விலியின் வண்டி விபத்துக்குள்ளானது. அவர் உயிரிழந்தார். வயது 21. பகுரியானி என்ற சின்ன மலை ஊரிலிருந்து வந்தவர் அவர். நம் சிவாவைப் போல!

அன்று மாலை ஜார்ஜியா நாட்டு வீரர்கள் கையில் கறுப்புப் பட்டை அணிந்து அணிவகுத்தார்கள். அரங்கமே எழுந்து நின்றது. மறுநாள் போட்டி நடந்தபோது, வேகத்தைக் குறைப்பதற்காக ஆண்களின் புறப்படும் இடத்தைக் கீழே இறக்கி வைத்தார்கள்.

அந்தப் பாதையில்தான் சிவாவும் ஓட்ட வேண்டும். நண்பர்களே, அந்த நாளில் வண்டியில் ஏறிப் படுப்பதற்கு எவ்வளவு மனத் துணிவு வேண்டும்? சிவா ஓட்டினார். 29ஆவது இடம் பிடித்தார்.

நாகானோவில் மீண்டும்

2011ஆம் ஆண்டு டிசம்பர். ஆசிய லூஜ் போட்டி. நடந்த இடம் எது தெரியுமா? நாகானோ! 16 வயதில் தனி ஆளாக வந்து 28ஆவது இடம் பிடித்த அதே பாதை. இப்போது அவருக்கு வயது 30.

சொந்த மண்ணில் ஓட்டிய ஜப்பான் வீரர்களையும் முந்தி, சிவ கேசவன் தங்கப் பதக்கம் வென்றார்! அடுத்த ஆண்டும் ஆசியத் தங்கம். பிறகு 2016, 2017ஆம் ஆண்டுகளிலும் தங்கம். லூஜ் பாதையே இல்லாத நாட்டுக்காரர், பாதை உள்ள நாட்டுக்காரர்களைத் தோற்கடித்து 4 முறை ஆசியாவின் முதல்வர் ஆனார்.

கொடி இல்லாத அணிவகுப்பு

அடுத்து வந்தது 2014. ரஷ்யாவின் சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக். சிவாவுக்கு இது ஐந்தாவது ஒலிம்பிக். ஆனால் இந்த முறை ஒரு பெரிய சங்கடம்.

இந்திய ஒலிம்பிக் சங்கம் தன் தேர்தலை ஒலிம்பிக் விதிகளின்படி நடத்தவில்லை என்று கூறி, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2012 டிசம்பரில் அதைத் தடை செய்திருந்தது. அந்தத் தடை நீங்கவில்லை. தடை செய்யப்பட்ட நாட்டு வீரர்கள் போட்டியில் கலந்துகொள்ளலாம். ஆனால் தங்கள் நாட்டுக் கொடியின் கீழ் அல்ல!

சிவ கேசவன், பனிச்சறுக்கு வீரர்கள் ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால் என்று மூன்று இந்தியர்கள் சோச்சிக்குப் போயிருந்தார்கள். பிப்ரவரி 7ஆம் தேதி தொடக்க விழா. மற்ற நாட்டவர்கள் தங்கள் கொடியோடு வந்தார்கள். நம் மூவரும் ஐந்து வளையங்கள் போட்ட ஒலிம்பிக் கொடிக்குப் பின்னால் நடந்தார்கள். மூவர்ணக் கொடி இல்லை. 'இந்தியா' என்ற பெயரும் இல்லை. எந்த நாட்டையும் சேராத தனி வீரர்கள் என்று அறிவிப்பு!

யாரோ செய்த தவறு. தண்டனை வீரர்களுக்கு. உங்கள் பள்ளியின் பெயரைச் சொல்லக் கூடாது, பள்ளிச் சீருடையும் அணியக் கூடாது என்று சொல்லிவிட்டு, மாவட்டப் போட்டியில் ஓடச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அந்தச் சோச்சியில்தான் இன்னொன்றும் நடந்தது. பயிற்சியின்போது ஒரு வளைவில் சிவாவின் வண்டி ஆட்டம் கண்டது. அவர் வண்டியிலிருந்து வெளியே விழுந்துவிட்டார். வண்டியும் ஓடுகிறது, அவரும் பனியில் முதுகால் சறுக்கிக்கொண்டே போகிறார். பொதுவாக லூஜில் விழுந்தால் அவ்வளவுதான், ஓட்டம் முடிந்தது. ஆனால் சிவா வண்டியை விடவில்லை. கையால் பற்றி, உடம்பைத் திருப்பி, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின்மேல் மறுபடி ஏறிப் படுத்துவிட்டார்! ஒன்றுமே நடக்காதது போல ஓட்டத்தை முடித்தார். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். அந்தக் காட்சியை உலகம் முழுவதும் மக்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 8, 9 தேதிகளில் சிவாவின் போட்டி நடந்து முடிந்தது. 9ஆம் தேதி இந்தியாவில் ஒலிம்பிக் சங்கத்துக்கு மறுதேர்தல் நடந்தது. 11ஆம் தேதி தடை நீங்கியது. ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாட்டின் மீதான தடை நீங்கியது வரலாற்றில் அதுவே முதல் முறை. ஒலிம்பிக் கிராமத்தில் நம் கொடி ஏறியது. அடுத்து வந்த நாள்களில் நதீமும் ஹிமான்ஷுவும் 'இந்தியா' என்ற பெயரோடு போட்டியிட்டார்கள்.

சிவாவுக்கு மட்டும் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. இரண்டே நாள் வித்தியாசம்! இத்தாலி அழைத்தும் போகாமல், இந்தியாவுக்காகவே ஓட்டியவருக்கு அந்த ஒலிம்பிக்கில் கொடி இல்லாமல் போனது.

கடைசி ஓட்டம்

வேறு யாராவது இருந்தால் "போதும்" என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். சிவா இன்னும் 4 ஆண்டுகள் உழைத்தார். 2018ஆம் ஆண்டு தென் கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். அது அவருக்கு ஆறாவது ஒலிம்பிக்.

தொடக்க விழாவில் இந்தியாவின் பெயர் ஒலித்தது. மூவர்ணக் கொடி உள்ளே வந்தது. அதை ஏந்தி வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சிவ கேசவனேதான்!

அந்த ஒலிம்பிக்கில் அவர் பிடித்தது 34ஆவது இடம். 36 வயதில், 20 ஆண்டு ஒலிம்பிக் பயணத்துக்குப் பிறகு, ஓய்வு பெற்றார். 2020ஆம் ஆண்டு மத்திய அரசு அவருக்கு அர்ஜுனா விருது வழங்கியது.

பின்னாலேயே வந்தவர்கள்

ஒருவர் காட்டில் ஒற்றையடிப் பாதை போட்டால், பின்னால் வருபவர்கள் நடக்க எளிதாகும் அல்லவா? குளிர்கால விளையாட்டிலும் சின்ன ஊர்களிலிருந்து வேறு பலர் வந்தார்கள்.

மணாலிக்குப் பக்கத்தில் புருவா என்று ஒரு கிராமம். சோச்சிக்குப் போன ஹிமான்ஷு தாக்கூர் அந்த ஊர்க்காரர்தான். அவருடைய தங்கை ஆஞ்சல் தாக்கூரும் பனிச்சறுக்கு வீராங்கனை. 2018 ஜனவரியில் துருக்கி நாட்டில் நடந்த சர்வதேசப் போட்டியில் ஆஞ்சல் வெண்கலப் பதக்கம் வென்றார். சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது! 2021ஆம் ஆண்டு மாண்டினீக்ரோ நாட்டில் இன்னொரு வெண்கலமும் வென்றார்.

காஷ்மீரில் குல்மார்க் அருகே உள்ள கிராமத்தைச் சேர்ந்தவர் ஆரிஃப் கான். அவருடைய அப்பா குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாதனங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். கடை வாசலே பனிச் சரிவு! 4 வயதிலேயே ஆரிஃப் சறுக்கப் பழகிவிட்டார். 2018 ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற முயன்றபோது வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகப் பணம் போதவில்லை. வாய்ப்பு நழுவியது. மனம் தளராமல் மறுபடி முயன்றார். 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்ட ஒரே வீரர் அவர்தான். 'ஜயன்ட் ஸ்லாலம்' என்னும் போட்டியின்போது பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. வழி சரியாகத் தெரியவில்லை. ஏராளமான வீரர்கள் போட்டியை முடிக்க முடியாமல் வெளியேறினார்கள். ஆரிஃப் கடைசி வரை சறுக்கி, 45ஆவது இடம் பிடித்தார்.

28, 25, 34, 45... இவை எல்லாம் பதக்கம் தரும் எண்கள் அல்ல. 2022 வரை குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா ஒரு பதக்கம்கூட வென்றதில்லை. ஆனால் முதல் ஆள் புறப்பட்டுப் போய், விழாமல் எல்லைக்கோட்டைத் தொட்டால்தானே அடுத்த ஆளுக்கு வழி தெரியும்?

நண்பர்களே, உங்கள் ஊரில் மைதானம் இல்லாமல் இருக்கலாம். நல்ல பந்து, நல்ல மட்டை, பயிற்சியாளர் இல்லாமல் இருக்கலாம். அவை எல்லாம் வேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. சிவாவும் ஒவ்வொரு முறையும் கேட்டார். ஆனால் கிடைக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பனி இல்லையா, சக்கரத்தை மாட்டு என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த முறை தென்னை மட்டையில் உட்கார்ந்து தோழனை இழுக்கச் சொல்லும்போது, கண்ணை மூடி ஒரு முறை நாகானோவை நினைத்துப் பாருங்கள். வயிற்றுக்குள் 'ஜிலீர்' என்று இருக்கும்!

குளுகுளு துளிகள்

* முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் ஷாமோனி என்ற மலை ஊரில் நடந்தது.

* லூஜ் போட்டி முதன்முதலில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1964ஆம் ஆண்டு, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் நகரில். இந்தியா குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலில் கலந்துகொண்டதும் அதே ஆண்டு, அதே இடத்தில்தான். அப்போது இந்தியாவுக்காகச் சறுக்கியவர், போலந்து நாட்டில் பிறந்த ஜெரமி புஜகோவ்ஸ்கி.

* பனிப்பாதையில் ஓடும் வண்டிகள் மூன்று வகை. மல்லாந்து படுத்து, கால் முன்னால் போனால் லூஜ். குப்புறப் படுத்து, தலை முன்னால் போனால் ஸ்கெலிட்டன். உட்கார்ந்தபடி போனால் பாப்ஸ்லெட்.

* லூஜில் எடை கூடினால் வேகமும் கூடும். அதனால் எடை குறைந்த வீரர்கள், விதிகள் அனுமதிக்கும் அளவுக்குக் கூடுதல் எடையை உடையில் சுமந்துகொள்ளலாம்.

* சூடான எஃகு பனியில் வேகமாக வழுக்கும். யாராவது வண்டியின் எஃகுப் பட்டைகளைச் சூடேற்றிக்கொண்டு வந்து ஏமாற்றக் கூடாதே! அதனால் புறப்படும் முன் நடுவர்கள் பட்டைகளின் வெப்பநிலையை அளந்து பார்ப்பார்கள்.